தவிட்டுக்குக் கணக்கு இல்லை

சேலத்தில் சர்க்கரை நோய்த் தடுப்புத் திட்டம் ஒன்றில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். ஆண்டறிக்கைக்காக மேலதிகாரி ஒரே ஒரு எண் கேட்டார்: நம் மக்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு முழுதானியம், அதாவது தவிடு நீக்காத தானியம், சாப்பிடுகிறார்கள்?

தேசிய குடும்ப நல ஆய்வில் பால், பருப்பு, கீரை, பழம், முட்டை, மீன், கறி எல்லாம் உண்டு. பெரியவர்கள் சாப்பிடும் தானியத்தைப் பற்றிக் கேள்வியே இல்லை. முந்தின நாள் சாப்பிட்டதைக் கேட்டு எழுதிவந்த தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்புப் பணியகம் 1972இல் தொடங்கியது, 2015இல் மூடிவிட்டார்கள். மிச்சம் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வுதான். 2011-12க்கு அப்புறம் 2022-23க்குத்தான் முடிவுகள் வந்தன. நடுவில் 2017-18இல் எடுத்ததை அரசு வெளியிடவே இல்லை. இந்தச் செலவு ஆய்வில் கம்பு, சோளம், கேழ்வரகு தனித்தனியாக இருக்கின்றன. கோதுமை மாவு வேறு, மைதா வேறு. சரி, நாம் வயிறு நிறையச் சாப்பிடும் அரிசி? ரேஷனில் வாங்கியதா, வெளியில் வாங்கியதா என்பதோடு நின்றுவிடுகிறது. தவிடு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டால் என்ன தெரியும் என்பதை ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றில் பார்த்தேன். ஒரு பாட்டி இரண்டு முறங்களில் சாமை வைத்திருந்தார். ஒன்று பழுப்பும் சாம்பலுமாக, கையில் அள்ளினால் லேசாகத் தூள் ஒட்டியது. இன்னொன்று வெள்ளை வெளேரென்று வழுக்கியது. "இது உரல்ல குத்துனது கண்ணு, எங்களுக்கு. அது மிசின்ல தீட்டுனது, விருந்தாளி வந்தா ஆக்கறதுக்கு" என்றார். ஆய்வுப் படிவத்தில் இரண்டும் ஒரே வரியில், சிறுதானியம் என்று போய்விடும்.

கேழ்வரகிலும் இதே கதைதான். அதன் தோல் மாவோடு ஒட்டியிருப்பதால் அரிசி மாதிரி தீட்ட வராது, முழுதாகவே அரைப்பார்கள். ஆனால் அரைத்த மாவைச் சலித்து, சல்லடையில் நிற்கும் கப்பியை மாட்டுத் தொட்டியில் கொட்டும் வீடுகள் நிறைய. பக்கத்துத் தருமபுரியில் 2023 முதல் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம். அருமையான திட்டம். அதில் எவ்வளவு சலிக்காமல் வயிற்றுக்குப் போகிறது என்று தெரிந்தால்தானே பலனை அளக்க முடியும்?

இத்தனைக்கும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவுச் சத்துப் பட்டியலில் தீட்டாத அரிசிக்கும் தீட்டிய அரிசிக்கும் தனித்தனி அளவுகள் இருக்கின்றன. சத்து தெரியும், யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பதுதான் தெரியாது.

எங்கள் படிவத்தில் இரண்டு கேள்விகள் சேர்த்தோம்: அரிசி தீட்டியதா, தீட்டாததா? மாவைச் சலிப்பீர்களா? யாரும் திணறவில்லை, சமைக்கிற எவருக்கும் பதில் தெரிந்திருக்கிறது. அறிக்கையில் எண் கேட்ட இடத்தில் இந்த ஆய்வுகளில் அதற்கான தரவு இல்லை என்று எழுதி, இந்த இரண்டு கேள்விகளையும் தேசிய ஆய்வில் சேர்க்கச் சொல்லிப் பரிந்துரைத்திருக்கிறேன்.