மருந்துச் சீட்டு இல்லாத கண் சிகிச்சை

மெட்ராஸ் ஐ என்று நாம் வழக்கமாகச் சொல்லும் கண்நோய்க்காக அண்மையில் ஓர் உடனடி சிகிச்சை கிளினிக்கிற்குச் சென்று வந்தேன். அங்கே எனக்கு ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்து எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆயினும் எனக்குக் கிடைத்தது முழுமையான சிகிச்சை என்றே கருதுகிறேன்.

மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே, செவிலியர் ஒரு கண்ணை மூடச் சொல்லி மறு கண்ணால் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கவைத்தார். கண் சிவந்திருப்பதற்கும் பார்வைப் பரிசோதனைக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். மெட்ராஸ் ஐ எனப்படும் சாதாரண விழிவெண்படல அழற்சியில் பார்வைக் கூர்மை பெரிதாகக் குறைவதில்லை. பீளை மறைப்பதால் மங்கினாலும் கண்ணைச் சிமிட்டினால் தெளிந்துவிடும். அவ்வாறு தெளியாவிட்டால் கருவிழிப் புண், கண்ணின் உட்பகுதி அழற்சி, திடீரென ஏற்படும் கண் அழுத்த நோய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாக இருக்கக்கூடும் என்று சந்தேகிக்க வேண்டும்.

பின்னர் மருத்துவர் கேட்ட கேள்விகள் அனைத்தும் இதே நோக்கம் கொண்டவை. எந்தக் கண்ணில் தொடங்கியது, வடிவது நீரா கெட்டியான சீழா, அரிப்பா வலியா, வெளிச்சம் பட்டால் கூசுகிறதா, சளியோ தொண்டை வலியோ இருந்ததா என்று கேட்டுவிட்டு, கான்டாக்ட் லென்ஸ் அணியும் பழக்கம் உண்டா என்பதை மட்டும் இருமுறை கேட்டார். லென்ஸ் அணிபவர்களுக்குச் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களால் கருவிழியில் புண் ஏற்பட்டு மிக விரைவாகப் பரவக்கூடும் என்பதால், அவர்களது சிவந்த கண்ணைச் சாதாரணமானது என்று எடுத்த எடுப்பில் முடிவுசெய்ய இயலாது. அதன்பின் காதுக்கு முன்புறம் அழுத்திப் பார்த்தார். அங்கே நிணநீர்க் கணு வீங்கி வலித்தால் அது வைரஸ் தொற்றுக்கான அடையாளம். கண்ணில் ஃப்ளோரசின் சாயமிட்டு நீல ஒளியில் பார்த்தது கடைசிப் பரிசோதனை. கருவிழியில் கீறலோ புண்ணோ இருந்தால் அந்த இடம் பச்சையாக ஒளிரும். ஹெர்பிஸ் வைரஸாக இருந்தால் அது கிளை பிரிந்த வடிவில் தெரியும்.

எனக்கு இருந்தது, பெரும்பாலும் அடினோவைரஸால் வரும் தொற்று என்று முடிவாயிற்று. வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது. லேசான பாக்டீரியா தொற்றுகளிலும் பல தாமாகவே ஆறிவிடுகின்றன, சொட்டு மருந்து அந்தக் காலத்தைச் சற்றுக் குறைக்கும், அவ்வளவே. ஆகவே குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடமும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகளுமே எனக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை. முதல் சில நாட்களில் சிவப்பு அதிகரிக்கும், மற்றொரு கண்ணுக்கும் பரவலாம், முழுமையாக ஆற 2 வாரங்கள் வரை, சிலருக்கு 3 வாரங்கள்கூட ஆகலாம் என்று முன்கூட்டியே விளக்கியது எந்த மருந்தையும்விட எனக்கு உதவியது. அடுத்த கண் சிவந்தபோது பதறி வேறொரு மருத்துவரைத் தேடி ஓட வேண்டியிருக்கவில்லை.

ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்துகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இவை சிவப்பை விரைவில் தணித்துவிடுவதால் நோயே குணமானதுபோல் தோன்றும். ஆனால் காரணம் ஹெர்பிஸாக இருந்தால் கருவிழிப் புண் மேலும் மோசமாகும், நீண்ட நாட்கள் பயன்படுத்தினால் கண் அழுத்தம் உயரலாம், கண்புரையும் வரலாம். யாருக்கோ எழுதிக் கொடுத்து மீந்த பாட்டிலை எடுத்து விட்டுக்கொள்வதை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான்.

நோயாளியின் கண்ணைப் பார்ப்பதால் இந்நோய் ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கை இன்னும் நீங்கவில்லை. கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைக் குறைக்கும், பிறர் முறைத்துப் பார்ப்பதையும் தவிர்க்கும், பரவலைத் தடுக்காது. கை, துண்டு, தலையணை உறை, கண் மை ஆகியவையே நோயைக் கொண்டுசெல்கின்றன. அடினோவைரஸுக்குக் கொழுப்பு உறை இல்லாததால் ஆல்கஹால் கலந்த சானிடைசருக்கு அது எளிதில் அழிவதில்லை. சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவுவதே நம்பகமானது. இந்த வைரஸ் பொருட்களின் மேற்பரப்பில் பல நாட்கள், சில சமயம் வாரக்கணக்கில்கூட உயிர்ப்புடன் இருக்கும்.

இத்தகைய கிளினிக்குகளுக்கு எல்லை உண்டு. கண்ணின் முன்பகுதியை நுணுக்கமாகக் காட்டும் ஸ்லிட் லேம்ப் எல்லா இடங்களிலும் இருப்பதில்லை. கடும் வலி, பார்வைக் குறைவு, தாங்க முடியாத ஒளிக்கூச்சம், கண்ணில் அடிபட்டது, லென்ஸ் அணிபவரின் சிவந்த கண் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் நேராகக் கண் மருத்துவரிடமே செல்வது நல்லது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தையின் கண் வீங்கிச் சீழ் வடிந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் கொனோரியா கிருமி அக்குழந்தையின் பார்வையையே பறித்துவிடக்கூடியது.