கிருஷ்ணகிரி மலையும் வெடியுப்பும்

கிருஷ்ணகிரிக்கு வருகிறவர்கள் அணையைப் பார்த்துவிட்டு, மாம்பழம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பழையபேட்டைப் பக்கம் போய் மலைக்கோட்டை ஏறாமல் திரும்பாதீர்கள்.

ஏறுமுன் அடிவாரத்தில் ஒரு வீட்டு மாட்டுக்கொட்டகையின் மண்சுவரைப் பார்த்து நின்றுவிட்டேன். கீழ்ப்பாதி முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. "மாடு கட்ற எடம்ங்க, எத்தனை தடவை பூசினாலும் மறுபடி பூத்துரும்" என்றார் அந்த வீட்டு அம்மா.

இப்படிப்பட்ட மண்ணிலிருந்துதான் அந்தக் காலத்தில் வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) எடுத்தார்கள். மாட்டு மூத்திரம் ஊறிய மண்ணில் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை உண்டாக்கும்; வெயில் காலத்தில் ஈரம் மேலேறிக் காயும்போது உப்பு வெளியே பூக்கும். அந்த மண்ணைச் சுரண்டி, தண்ணீர் ஊற்றி வடித்து, சாம்பல் சேர்த்துக் காய்ச்சுவார்கள். அப்புறம் ஆறவிடுவதில்தான் கைத்திறன் எல்லாம். கொதிநீரில் ஏராளமாகக் கரையும் வெடியுப்பு, நீர் குளிர்ந்தால் ஊசி ஊசியாகப் படிந்துவிடும். சோற்றுப்பு பெரும்பாலும் நீரிலேயே தங்கிவிடும். எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் இதைப் பழகிவைத்திருந்த உப்பிலியர் போன்ற மக்களை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. கோட்டைக் கதைகளில் அரசர்கள் வருகிறார்கள், தளபதிகள் வருகிறார்கள். உப்புக் காய்ச்சியவர்கள் வருவதே இல்லை.

ஆனால் துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் போடும் கருமருந்தில் சுமார் 75 சதவீதம் இந்த உப்புதான்; மீதிதான் கரியும் கந்தகமும். 1780-இல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனிப் படையைக் கலங்கடித்த மைசூர் ராக்கெட்டுகள் சீறியது இதன் பலத்தில். கும்பெனியும் பீகாரிலிருந்து கப்பல் கப்பலாக இதை ஏற்றிப் போனது. சண்டைக்கு மட்டும் என்றில்லை, கரையும்போது நீரைக் குளிரவைக்கும் என்பதால் அக்பர் அரண்மனையில் குடிநீர் குளிர்விக்கவும் இதைப் பயன்படுத்தினார்கள்.

1791-இல் கும்பெனித் தளபதி மாக்ஸ்வெல்லின் படை, திப்பு சுல்தான் வசமிருந்த இந்த மலையைத் தாக்கியது. கீழ்க்கோட்டை விழுந்தது, மேற்கோட்டையில் இருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டு ஏறியவர்களைத் துரத்தினார்கள். மூச்சு வாங்க ஏறி, மேலிருந்து அந்தச் சரிவைப் பாருங்கள், அவர்களால் எப்படித் துரத்த முடிந்தது என்பது புரியும். அடுத்த ஆண்டே ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், கிருஷ்ணகிரி அடங்கிய பாரமகால் பகுதி கும்பெனி கைக்குப் போய்விட்டது.

வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும், இன்னொரு நாள் போகலாம்.