மனைத் தொழிலுக்கு வெர்ச்சுவல் அசிஸ்டன்ட் தேடியபோது பட்ட பாடு

கோவையில் சரவணம்பட்டி, கோவில்பாளையம், அன்னூர் வட்டாரத்தில் மனைகளையும் வீடுகளையும் விற்றுக் கொடுக்கும் முகவர் தொழில் செய்கிறேன். விளம்பரத் தளங்களில் வரும் விசாரணை ஒன்று ஒரே நேரத்தில் பல முகவர்களுக்குப் போய்ச் சேர்வதால், முதலில் கூப்பிடுபவருக்கே பார்ட்டி, அதாவது வாங்க வருபவர், கிடைக்கும். விசாரணைகளுக்குப் பதில் சொல்லவும், சைட் விசிட்டுக்கு நேரம் குறிக்கவும், வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான ஆவணங்களின் பட்டியல்), பட்டா ஆகியவற்றை எடுத்து ஒப்பிட்டு வைக்கவும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வெர்ச்சுவல் அசிஸ்டன்ட் ஒருவரை அமர்த்தலாம் என்று முடிவு செய்தேன். இன்று அந்த வேலை நன்றாக நடக்கிறது. ஆனால் இடையில் இப்படி உதவியாளர்களை அனுப்பும் ஓர் ஏஜென்சியிடம் பட்ட அவதி இன்னும் ஆறவில்லை. இதே தேடலில் இறங்குபவர்களுக்கு உதவட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

ஏஜென்சியைப் பிடிப்பதும் ஒப்பந்தம் போடுவதும் எளிதாகவே முடிந்தன. ரியல் எஸ்டேட்டில் நல்ல அனுபவம் உள்ளவர் என்று சொல்லி ஒரு பெண்ணை அனுப்பினார்கள். அந்த அனுபவம் முழுவதும் அமெரிக்க முகவர்களுக்காக இரவு நேரத்தில் செய்த வேலை என்பது அவர் வந்து சேர்ந்த பிறகே தெரிந்தது. அவர் மீது எனக்கு வருத்தமில்லை; உழைப்பாளி, ஆங்கிலமும் நன்றாகப் பேசுவார். ஆனால் அங்கே சொத்தின் உரிமையைச் சரிபார்க்க டைட்டில் கம்பெனிகள் தனியாக உண்டு. முகவரின் உதவியாளர் பத்திரத்தைத் தொட வேண்டிய தேவையே பெரும்பாலும் வருவதில்லை. இங்கே வில்லங்கத்தை நாமே வரிவரியாகப் படித்தாக வேண்டும். சர்வே எண்ணில் உட்பிரிவு என்றால் என்ன, பலர் பெயரில் உள்ள கூட்டுப் பட்டா என்றால் ஏன் தயங்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குப் புதிதாக இருந்தன. இந்த வேறுபாட்டை அறிந்தே மறைத்தது ஏஜென்சிதான்.

அடுத்து விடுமுறைச் சிக்கல் வந்தது. பார்ட்டிகள் குடும்பத்தோடு மனை பார்க்க வருவது சனி, ஞாயிறுகளில்தான். ஏஜென்சியின் ஆட்களுக்கோ அந்த இரண்டு நாளும் விடுமுறை. இதைவிடக் கவலை தந்தது, எங்கிருந்தோ வாங்கிய தொலைபேசி எண் பட்டியலை வைத்துக்கொண்டு முன்பின் தெரியாதவர்களை அழைக்கும்படி ஏஜென்சியின் மேற்பார்வையாளர் அவரிடம் சொல்லியிருந்தது. விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிவு செய்தவரைச் சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து அழைத்தால் அவர் 1909 வழியே புகார் செய்யலாம், எண்ணே முடக்கப்படலாம். பல ஆண்டுகளாக வாடிக்கையாளர்கள் வைத்திருக்கும் என் எண் அப்படிப் போயிருந்தால் தொழிலே நின்றிருக்கும். தொலைபேசி நிறுவனத்திடமிருந்து எச்சரிக்கைச் செய்தி வந்த அன்றே அந்த அழைப்புகளை நிறுத்தச் சொன்னேன்.

பொறுமை போனது ஒரு விளம்பரப் படத்தால். மனைப்பிரிவு உரிமையாளர் கொடுத்த சுவரொட்டியைச் சதுர வடிவத்துக்கு மாற்றியபோது, அடியில் சிறிய எழுத்தில் இருந்த ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவெண்ணை ஏஜென்சியின் வடிவமைப்பாளர் வெட்டிவிட்டார். 500 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவு பதிவு செய்யப்பட வேண்டும். விளம்பரத்தில் அந்தப் பதிவெண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டம். முகவரும் தனியே பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெறாத திட்டத்தை விற்றுக் கொடுத்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வீதம் அபராதம் ஏறும். இதைச் சொன்னபோது, இடம் போதவில்லை என்பதுதான் வடிவமைப்பாளரின் பதில். படத்தை உடனே நீக்கச் செய்து, அன்றே ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக மின்னஞ்சல் அனுப்பினேன்.

அதன் பிறகுதான் அலைக்கழிப்பு தொடங்கியது. தொடக்கக் கட்டணம் திரும்பத் தரப்படாது, வேண்டுமானால் வேறு ஆளைத் தருகிறோம் என்றார்கள். மாற்று ஆள் வரும்போது கட்டணக் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்பது ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் இருந்தது. பேசும்போது ஒருவரும் அதைச் சொல்லவில்லை. நேரில் போனால், என் கணக்கைப் பார்த்துவந்த மேலாளர் மாறிவிட்டார் என்று சொல்லி, ஏற்கெனவே அனுப்பிய மின்னஞ்சலை மறுபடி அனுப்பச் சொன்னார்கள். தொழிலுக்காகப் பெறும் சேவை என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது கடினம் என்று வழக்கறிஞர் சொன்னார். அவர் அனுப்பிய அறிவிப்புக்குப் பிறகே பாதித் தொகை வந்தது. ஏஜென்சி வழியே போகிறவர்கள், மாற்று ஆள் வந்தால் பணம் எப்படிக் கணக்கிடப்படும், வார இறுதியில் வேலை உண்டா, அனுபவம் எந்த ஊர்ச் சந்தையில் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

பிறகு நானே ஆள் தேடினேன். வந்த விண்ணப்பங்களில் தேறியவர்களுக்குப் பெயர்களை மறைத்த ஒரு வில்லங்கச் சான்றை அனுப்பி, இதில் என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டேன். இந்தச் சோதனைக்குச் செலவான நேரத்துக்குச் சிறு தொகையும் கொடுத்தேன். பலர் கிரைய ஆவணங்களை வரிசைப்படுத்தி, வில்லங்கம் ஏதுமில்லை என்று எழுதி அனுப்பினார்கள். தென்காசிப் பக்கம் ஆவண எழுத்தர் அலுவலகத்தில் கணினி வேலை பார்த்த ஒரு பெண் மட்டும் அழைத்துப் பேசினார்: "சார், 2014ல பேங்க்ல பத்திரத்தை வெச்சதுக்கு உரிமை ஆவண ஒப்படைப்புன்னு ஒரு பதிவு இருக்கு. அதுக்கு அப்புறம் கடன் அடைச்சதுக்கான ரசீது ஆவணம் எதுவுமே பதிவாகலையே, கடன் முடிஞ்சுதான்னு ஓனர்கிட்ட கேட்டீங்களா?" நான் எதிர்பார்த்தது அந்த ஒரு கேள்வியைத்தான். அதோடு நிற்காமல், பத்திரத்தில் உள்ள பரப்பையும் பட்டாவில் உள்ள பரப்பையும் ஒப்பிட வேண்டும், பட்டாவையும் அனுப்புங்கள் என்றார். அந்தக் குரலைக் கேட்டபோது ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி மாளாது.

அவரை ஆடி மாதத்தில் சேர்த்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. ஆடியில் கிரையம் குறைவு என்பதால் பதற்றமில்லாமல் பழக்க முடிந்தது. ஆவணி பிறந்து விசாரணைகள் குவிந்தபோது அவர் தயாராக இருந்தார். சனி, ஞாயிறு வேலை. பார்ட்டிகள் அதிகம் வராத செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. எத்தனை அழைப்பு என்று எண்ணி ஊக்கத்தொகை தருவதில்லை; அவர் நேரம் குறித்த சைட் விசிட்டுக்குப் பார்ட்டி உண்மையிலேயே வந்து சேர்ந்தால்தான் தொகை. எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக யாரையும் தொந்தரவு செய்யும் நிலை இதனால் வரவில்லை.

பதிவுத் துறை, பட்டா இணையதளங்களுக்கான ஓ.டி.பி. வருவதற்கென்று தனி சிம் ஒன்றை வாங்கி அவரிடம் கொடுத்திருக்கிறேன். வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. ஆகியவற்றின் ஓ.டி.பி. எக்காரணம் கொண்டும் என் கைப்பேசியைத் தாண்டாது. பார்ட்டி கொடுக்கும் டோக்கன் அட்வான்ஸும் உதவியாளரின் கணக்குக்குப் போகக் கூடாது. கணக்கு எண்ணை அனுப்புவதையும் நானே செய்கிறேன்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். ஏஜென்சியோடு உறவு முடிந்து நெடுநாள் கழித்து வாட்ஸ்அப் பிசினஸில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலைத் திறந்தால், அவர்களுடைய கணினி ஒன்று அதில் அப்படியே இருந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறிவிட்டதாக அவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை அகற்றிவிட்டு, விளம்பரத் தளங்கள், மின்னஞ்சல், விவரத் தாள் என அனைத்தின் கடவுச்சொல்லையும் அன்றிரவே மாற்றினேன். உங்களிடம் வேலை செய்தவர் யாராவது விலகியிருந்தால், இன்றே அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.