பிஆர்ஜே கோப்பு இல்லாத ஷேப்ஃபைல் பரீட்சையில் வந்தால்

ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத் தரவுகளைக் கையாளும் முறை) செய்முறைப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்கு யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் ஷேப்ஃபைல் (அமைவிடத் தரவுக் கோப்பு) ஒன்றைத் தந்து, வீதியிலிருந்து 50 மீற்றருக்குள் எத்தனை கிணறு என்று கேட்டிருந்தார்கள். ஆள்கூறுகள் எந்த முறையில் உள்ளன என்று சொல்லும் பிஆர்ஜே கோப்பு மட்டும் இல்லை. கியூஜிஐஎஸ் மென்பொருளில் திறந்தால் லேயரின் (தரவு அடுக்கின்) பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

அவசரத்தில் ஈபிஎஸ்ஜி 4326 ஐ, அதாவது இடங்களைப் பாகையில் குறிக்கும் முறையின் குறியீட்டெண்ணைக் கொடுத்தேன். புள்ளிகள் காணாமல் போயின. அடுத்து, மீற்றரில் அளக்கும் உலக வலையான யூடிஎம்மின் 44 வடக்கு வலயம், அதாவது 32644. இம்முறை இலங்கைக்குள்தான் விழுந்தன, ஆனால் கேகாலைப் பக்கம். முதல் பிழையை விட இதுதான் ஆபத்து. நாட்டுக்குள் விழுந்துவிட்டதால் வரைபடத்தைப் பெருப்பித்துப் பார்க்காமலே நம்பிவிடுவோம்.

பிறகுதான் லேயர் பண்புகளில் எல்லை எண்களைப் பார்த்தேன். கிழக்கு 418,000 அளவில், வடக்கு 794,000 அளவில். முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். 80, 9 என்று இருந்திருந்தால் அது பாகை. யூடிஎம் என்றால் வடக்கு எண் நிலநடுக்கோட்டிலிருந்து வரும் மீற்றர். யாழ்ப்பாணத்துக்கு 1,068,000 அளவில், ஏழு இலக்கம் வர வேண்டும். இங்கே ஆறுதான்.

இலங்கையின் தேசிய வலைக்கு மையம் பிதுருதலாகலை மலை. அந்த இடத்துக்கு எஸ்எல்டி 99 என்ற புதிய முறையில் 500,000, 500,000 என்றும், பழைய கந்தவல முறையில் 200,000, 200,000 என்றும் எண் கொடுத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணம் மலைக்கு மேற்கே ஏறக்குறைய 82 கிலோமீற்றர், வடக்கே 294. 500 இல் 82 போனால் 418. 500 உடன் 294 கூட்டினால் 794. சரி, இது எஸ்எல்டி 99 வலையான ஈபிஎஸ்ஜி 5235. கந்தவல வலையான 5234 ஆக இருந்தால் 118,000, 494,000 என்று நின்றிருக்கும்.

ஒன்றில் மட்டும் மிகக் கவனம். லேயருக்கு சிஆர்எஸ் (ஆள்கூற்று முறை) குறிப்பது, இந்த எண்கள் எந்த முறையில் உள்ளன என்று மென்பொருளுக்குச் சொல்வது மட்டுமே, எண்கள் மாறாது. ரீப்ரொஜெக்ட் செய்தால் எண்களே மாறிப் புதிய கோப்பு பிறக்கும். பிழையாகக் குறித்துவிட்டு ரீப்ரொஜெக்ட் செய்தால், கேகாலைக் கிணறுகள் சரியான பிஆர்ஜேயுடன் நிரந்தரமாகிவிடும். கேள்விக்குறியும் மறைந்துவிடுவதால் பிறகு யாருக்கும் சந்தேகம் வராது.

குறித்து முடித்ததும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை அடியில் போட்டுக் கிட்டப்போய்ப் பாருங்கள். கிணறுகள் வளவுக்குள் நிற்கின்றனவா, தார் வீதி நடுவில் நிற்கின்றனவா? வளவுக்குள் நின்றால் பஃபர் (வீதியைச் சுற்றி 50 மீற்றர் வலயம்) போடத் தொடங்கலாம். விடைத்தாளில் 5235 என்று மட்டும் எழுதாமல், அந்த எல்லை எண்களையும் கூட்டல் கழித்தலையும் இரண்டு வரியில் சேர்த்து எழுதுங்கள்.