செயின்ட் ஐவ்ஸில் மீன் கிட்டங்கிக்கு மேலே ஒரு வீடு

விடுமுறைக்கு எந்த ஊருக்குப் போனாலும் எஸ்டேட் ஏஜென்ட் கடை வாசலில் நின்று, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வீட்டு விவரங்களை வரி விடாமல் படிப்பேன். தொழில் அப்படி. ரெடிங்கில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வீட்டுப் பத்திர வேலை பார்க்கிறேன். வாங்குபவருக்காகப் பழைய பத்திரங்களைப் படிப்பது, வில்லங்கம் தேடுவது, கடன் கொடுக்கும் வங்கிக்கு அறிக்கை எழுதுவது. ஓர் ஊரில் யார் குடியிருக்கிறார்கள், யார் வெளியேறுகிறார்கள் என்பதற்குக் காரணம் பெரும்பாலும் பத்திரத்திலேயே இருக்கும். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில், கார்ன்வாலில் இருக்கும் செயின்ட் ஐவ்ஸ் ஊரைத்தான் இதற்கு உதாரணமாகச் சொல்வேன்.

அங்கே துறைமுகத்துக்கும் போர்த்மியர் கடற்கரைக்கும் நடுவில் நெருக்கியடித்துக் கிடக்கும் பழைய மீனவர் குடியிருப்புக்கு டவுனலாங் என்று பெயர். எதிரே ஆள் வந்தால் சுவரோரம் ஒதுங்கி வழிவிட வேண்டிய சந்துகள். வீடுகளை நிதானமாகப் பாருங்கள். பலவற்றுக்கு வெளியே கருங்கல் படி ஏறிப் போனால்தான் கதவு. கீழ்த்தளம் குடியிருக்கக் கட்டியதல்ல, அது மீனுக்கு.

பில்ச்சர்ட் என்பது நம் மத்திக்கு உறவான மீன். கோடை முடியும்போது கூட்டங்கூட்டமாகக் கரையோரம் வரும். குன்றின் மேல் ஒருவர் அதற்கென்றே கடலைப் பார்த்துக்கொண்டு காவல் இருப்பார். தண்ணீரின் நிறம் மாறியதும் ‘ஹெவ்வா, ஹெவ்வா’ என்று கத்துவார். ஊரே கடலுக்கு ஓடும். வலையை வளைத்து மீனைக் கரை சேர்த்ததும் பெண்களின் வேலை ஆரம்பம். கிட்டங்கித் தரையில் உப்பு ஓர் அடுக்கு, மீன் ஓர் அடுக்கு என்று சுவர் எழுப்புவதுபோல் அடுக்கிக்கொண்டே போவார்கள். வாரக்கணக்கில் ஊறியதும் கழுவிப் பீப்பாயில் அடைப்பார்கள். ஒரு மரத்தின் ஒரு முனையைச் சுவரில் செருகி, மறுமுனையில் பெரிய கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, பீப்பாயை அழுத்துவார்கள். வழிகிற எண்ணெய் கூழாங்கல் தரையில் வெட்டிய வாய்க்கால் வழியே குழிக்குப் போகும், விளக்கெரிக்க அதுதான். பீப்பாய்கள் இத்தாலிக்குக் கப்பலேறும். இத்தனை நாற்றத்துக்கும் மேலே, அதே கூரையடியில் குடும்பம் வாழ்ந்தது. கார்ன்வாலின் பழைய கிட்டங்கிச் சுவர்கள் சிலவற்றில் அந்த மரம் செருகிய குழிகள் இன்னும் வரிசையாகத் தெரியும்.

இனி பத்திரத்துக்கு வருகிறேன். கிட்டங்கி ஒருவருக்கு, மேல்வீடு இன்னொருவருக்கு, சந்தின் மேல் பாலம்போல் நீண்ட அறை மூன்றாமவருக்கு என்று தலைமுறை தலைமுறையாகக் கைமாறினால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் பழைய மீனவ ஊர்கள் பலவற்றிலும் ‘ஃப்ளையிங் ஃப்ரீஹோல்ட்’ சகஜம். என் படுக்கையறை உங்கள் சமையலறைக் கூரைமேல் நிற்கும். இரண்டுமே தனித்தனிச் சொந்தம். உங்கள் சுவர் இடிந்தால் என் அறையும் போச்சு. ஆனால் ‘சுவரைப் பழுது பார்த்துத் தருகிறேன்’ என்று நீங்கள் எழுதிக்கொடுத்த கடமை, உங்களிடமிருந்து வீட்டை வாங்குபவரைத் தானாகக் கட்டுப்படுத்தாது. இந்த நாட்டு நிலச் சட்டத்தின் பழைய ஓட்டை இது. அதனால் இப்படிப்பட்ட வீடு என்றதும் கடன் தரும் வங்கி தயங்கும். சில வங்கிகள் முடியாது என்றே சொல்லிவிடும். கார்ன்வாலில் இன்னொரு தொல்லையும் உண்டு. சுமார் 1950-க்கு முன் கான்கிரீட்டில் கட்டிய வீடுகளில் சுரங்கக் கழிவுக் கல் கலந்திருக்கலாம். அந்தக் கல் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே சிதையும். அதனால் ‘மண்டிக்’ சோதனை அறிக்கை இல்லாமல் வங்கி பேசவே பேசாது.

மீன்பிடிப் படகிலோ ஹோட்டல் சமையலறையிலோ வேலை பார்க்கும் உள்ளூர் இளைஞருக்குக் கடன் இல்லாமல் வீடு ஏது? லண்டனில் ஒரு வீட்டை விற்ற கையோடு ரொக்கத்துடன் வருபவருக்கு வங்கியின் தயவு தேவையில்லை. உள்ளூர்க்காரர் வெளியேற வீட்டு விலை ஏறிப்போனதுதான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்; அது உண்மைதான். அதோடு, மீனுக்காகக் கட்டிய வீட்டின் அமைப்பே கடன் வாங்கி வருபவரைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுவேன்.

வெளியூர்க்காரர்களுக்கு வழி திறந்தது 1877-இல். செயின்ட் எர்த்திலிருந்து கடலோரமாக ஒரு சின்ன ரயில் பாதை வந்தது. மறு வருஷமே ரயில் கம்பெனி குன்றின் மேலிருந்த ட்ரெகென்னா காசிலைக் குத்தகைக்கு எடுத்து ஹோட்டல் ஆக்கியது. அந்த ரயில் இன்றும் ஓடுகிறது. போகும்போது வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள். பில்ச்சர்ட் கூட்டங்கள் குறையக் குறைய, காலியான பாய்மரக் கொட்டகைகளில் ஓவியர்கள் குடிவந்தார்கள். 1928-இல் பென் நிக்கல்சன், கிறிஸ்டோபர் வுட் என்ற இரு ஓவியர்கள் பேக் ரோடு வெஸ்ட் வழியாக நடந்தபோது, திறந்திருந்த ஒரு கதவுக்குள் கப்பல் படங்கள் தெரிந்தன. கிழிந்த அட்டைத் துண்டுகளில் வரைந்து சுவரெல்லாம் ஆணியடித்து வைத்திருந்தார் ஆல்ஃபிரட் வாலிஸ் என்ற முதியவர். மீன்பிடிக் கப்பல்களில் வேலை பார்த்தவர், பிறகு காயலாங்கடை வைத்தவர், மனைவி இறந்தபின் வரையத் தொடங்கியவர். கதவு திறந்திருந்ததால்தான் அவரை உலகம் கண்டது.

அதே சந்துகளில் பிப்ரவரியில் நடந்து பாருங்கள். கதவுக்குக் கதவு, நிலையோரம் எண் பூட்டு வைத்த சாவிப்பெட்டி, விடுமுறைக்கு வாடகைக்கு வருபவர் தாமே சாவி எடுத்துக்கொள்ள. உப்புக்காற்றில் எண் சக்கரங்கள் பச்சை பூத்திருக்கும். ஜன்னலில் ஒரு மரப் படகு பொம்மை. உள்ளே விளக்கு இல்லை.

ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 2016 மே மாதம் வாக்கெடுப்பு நடத்தி, 83 சதவீதம் பேர் ஆதரிக்க, ஒரு விதி கொண்டுவந்தார்கள். செயின்ட் ஐவ்ஸில் புதிதாகக் கட்டி விற்கும் வீட்டை, அதையே முதன்மை வசிப்பிடமாகக் கொள்பவர்தான் வைத்திருக்கலாம். கேட்டால் வாக்காளர் பட்டியலில் பெயர், உள்ளூர் டாக்டரிடம் பதிவு என்று ஆதாரம் காட்ட வேண்டும். கட்டடக்கலை நிறுவனம் ஒன்று வழக்குப் போட்டது. அதே வருஷம் நவம்பரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

ஆனால் விதி புது வீட்டுக்கு மட்டும்தான். டவுனலாங்கில் புதிதாகக் கட்ட இடம் எங்கே இருக்கிறது? விடுமுறை வீடு தேடுபவர் கேட்பதும் புது வீட்டை அல்ல. கருங்கல் படியும் தாழ்ந்த உத்தரமும் உள்ள பழைய வீட்டைத்தான். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் பார்த்தபோதும், இரண்டாவது வீடு வாங்குபவர்கள் பழைய வீடுகள் பக்கம் திரும்பியதாகத்தான் தெரிந்தது. எந்த வீடுகளில் ஊரின் வரலாறு இருக்கிறதோ, அவற்றுக்குக் காவல் இல்லை.

வரியால் சரிசெய்யலாமா? 2025 ஏப்ரலிலிருந்து கார்ன்வாலில் இரண்டாவது வீட்டுக்குக் கவுன்சில் வரி, அதாவது உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி, இரட்டிப்பு. சரி, நல்லதுதான். ஆனால் வீட்டை வருஷத்தில் 140 நாள் வாடகைக்குத் திறந்து வைத்து, அதில் 70 நாள் உண்மையில் வாடகைக்கு விட்டுவிட்டால் அது வியாபாரச் சொத்து ஆகிவிடும்; கவுன்சில் வரிக்குப் பதில் வியாபார வரி. வரிக்காகப் போடும் வருஷ வாடகை மதிப்பீடு 12,000 பவுண்டுக்குள் இருந்து, அந்த ஒரே இடம்தான் தொழில் என்றால், சிறு தொழில் சலுகையில் அந்த வரியும் பூஜ்யம். அதே தெருவில் வருஷம் முழுக்க வாழ்கிற கிழவி மட்டும் கவுன்சில் வரி கட்ட வேண்டும். இது அநியாயம்.

வேறு வழி இல்லாமல் இல்லை. போர்த்மியர் ஸ்டுடியோஸ் என்ற கட்டடத்தைப் பாருங்கள். 1959-இல் பிரான்சிஸ் பேக்கன்கூட வரைந்த இடம். ஓர் அறக்கட்டளை அதை வைத்திருப்பதால், மேலே ஓவியர்கள் வரைய, கீழே பழைய கிட்டங்கிகளில் இன்றும் மீனவர்கள் வலையும் கூண்டும் வைத்துப் புழங்குகிறார்கள். அத்தனை வீட்டையும் அறக்கட்டளை வாங்க முடியாதுதான். வேல்ஸில் 2022-இலிருந்து குடியிருக்கும் வீடு, இரண்டாவது வீடு, விடுமுறை வாடகை வீடு மூன்றும் திட்டமிடல் சட்டத்தில் தனித்தனி வகை. உள்ளூர் கவுன்சில் விரும்பினால், குடியிருந்த வீட்டை விடுமுறை வீடாக மாற்றுபவர் முதலில் அனுமதி கேட்க வேண்டும் என்று ஆக்கிக்கொள்ளலாம். பழைய வீட்டுக்கும் அது பொருந்தும்.

இங்கிலாந்துக்கும் இது வர வேண்டும் என்று எங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதியிருக்கிறேன். கார்ன்வாலுக்கோ விட்பிக்கோ லேக் டிஸ்ட்ரிக்டுக்கோ பிள்ளைகளோடு விடுமுறைக்குப் போய்வருகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். இங்கே வாக்கு உள்ளவர்கள் நீங்களும் உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள். தங்குவதற்கு, வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்து காலைச் சாப்பாடு போடும் பி அண்ட் பி ஏதாவது கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் தங்குகிறோம்.