உளுந்துக்கு முன் மண்ணில் அட்ரசின் பார்த்த அனுபவம்

பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் விதைத்ததும், களை முளைக்கும் முன்பே அட்ரசின் என்ற களைக்கொல்லியைத் தெளிப்பது வழக்கம். சோளச் செடி அந்த மருந்தைத் தனக்குள்ளேயே சிதைத்துவிடும். அடுத்து வரும் உளுந்துக்கு அந்தத் திறன் இல்லை. காரத்தன்மை கூடிய கரிசலில் மருந்து சிதையவும் நாளாகும். சித்தப்பா உளுந்து போட நினைத்ததால், நான் படிக்கும் ஆய்வகத்தில் எலைசா கிட் (எதிர்ப்பொருளைக் கொண்டு, நிற மாற்றத்தால் ஒரு பொருளின் அளவைக் காட்டும் சோதனைப் பெட்டி) வைத்து அவர் வயல் மண்ணைச் சோதித்தேன்.

வயலின் மேட்டுப் பகுதி, பள்ளப் பகுதி மண்ணைத் தனித்தனியாக எடுத்து, நிழலில் உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்தேன். அப்புறம் மெத்தனால் கலந்த நீரில் நன்றாகக் குலுக்கித் தெளிய வைத்தேன். இதுவரை சிரமமே இல்லை.

அட்ரசினின் மூலக்கூறு எடை வெறும் 216. இவ்வளவு சிறிய பொருளை உடலின் எதிர்ப்பு மண்டலம் தானாகக் கண்டுகொள்ளாது. பெரிய புரதம் ஒன்றோடு பிணைத்து விலங்குக்குச் செலுத்தித்தான் எதிர்ப்பொருளை, அதாவது அட்ரசினைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தை, உண்டாக்குகிறார்கள். எனக்கு இன்றும் வியப்பூட்டும் வேலை இது. சோதனைக் குழியில் அந்த எதிர்ப்பொருளைப் பிடிக்க, மண்ணிலிருந்து வந்த அட்ரசினும் நொதி ஒட்டிய அட்ரசினும் போட்டி போடும். கடைசியில் குழியில் நிறம் உண்டாக்குவது அந்த நொதிதான். மண்ணில் மருந்து கூடுதலாக இருந்தால் நொதிக்கு இடம் கிடைக்காது, கழுவும்போது போய்விடும். ஆக, நிறம் வெளுத்த குழியில்தான் மருந்து அதிகம்.

சிக்கல் இங்கேதான். இலைதழை மக்கி மண்ணில் உண்டாகும் ஹியூமிக் பொருள்களும் மிச்சமிருக்கும் மெத்தனாலும்கூட நிறத்தைக் குறைக்கும். மருந்தே இல்லாத மண்ணும் மருந்து இருப்பதுபோல் காட்டும். அதனால் களைக்கொல்லி படாத பக்கத்துத் தரிசு மண்ணையும் இதே மாதிரி பிரித்தெடுத்து, அதன் குழியின் நிறம் வெறும் நீர் விட்ட குழியின் நிறத்தோடு ஒத்துப்போகும்வரை நீர்த்துப் பார்த்தேன். ரொம்ப நீர்த்தால் சிறிய மிச்சம் தெரியாமல் போகும். தரிசு மண்ணில் தெரிந்த அளவு அட்ரசின் சேர்த்து, அது திரும்பக் கிடைக்கிறதா என்று சரிபார்த்த பிறகுதான் வயல் மண்ணைத் தொட்டேன். கிட் வாங்குவோர் இந்த வேலையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

மேட்டு மண்ணும் தரிசு மண்ணும் ஒரே நிறம். பள்ளத்து மண் தெளிவாக வெளுத்தது. புரோபசின் போன்ற உறவு மூலக்கூறுகளையும் இந்த எதிர்ப்பொருள் பிடிக்கும் என்பதால், அந்த மாதிரியை மட்டும், மூலக்கூறுகளைப் பிரித்து நிறையை வைத்து அடையாளம் காணும் எல்சி-எம்எஸ் கருவிக்கு அனுப்பினோம். அட்ரசின்தான்.

மேட்டில் உளுந்து விதைத்தாயிற்று. பள்ளத்தில் இந்தப் பருவமும் சோளமே போடுகிறார் சித்தப்பா, இம்முறை அட்ரசின் இல்லாமல், கைக்களை எடுத்து.