மூட்டுவலிக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஆன்டிபயாடிக் மாத்திரைகள்

சிறுநீர்த் தொற்று, வயிற்றுப்போக்கு என்று போனால் சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் எழுதித் தருவது இங்கே சர்வசாதாரணம். அட்டையில் பெயர் 'ஃப்ளாக்சசின்' என்று முடிகிறதா பாருங்கள். இவை தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களைப் பாதிக்கலாம். பெரும்பாலும் அடிபடுவது குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நாண். 2008-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு மருந்து விவரத் தாளில் கட்டமிட்ட கடும் எச்சரிக்கை போட வைத்தது. 60 வயது தாண்டியவர்களுக்கும், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

வலி முதல் இரண்டு நாளிலும் வரலாம், மருந்து முடிந்து சில மாதம் கழித்தும் வரலாம். அதனால்தான் பலரும் பழைய வாதம் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டே இருந்துவிடுகிறார்கள். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலின் பின்புறம் சுரீரென்றால், அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவரை படி ஏற வேண்டாம். உருவி விடவே கூடாது.

முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் போடுபவர்கள் பயப்பட வேண்டியது கோ-ட்ரைமாக்சசோல் என்ற வேறொரு ஆன்டிபயாடிக்குக்கு. இரண்டுமே ரத்த அணு உருவாகத் தேவையான ஃபோலேட் என்ற வைட்டமினின் வேலையைத் தடுப்பவை. சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தி படுத்துவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். வாய்ப்புண், காய்ச்சல், அடிபடாமலே தோலில் கன்றல் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. மெத்தோட்ரெக்சேட் எடுப்பதைச் சொல்லாமல் எந்த ஆன்டிபயாடிக்கும் வாங்காதீர்கள்.